இரும்புச் சட்டியும் இரத்தச்சோகையும்: வீட்டுச் சமையலுக்கு ஒரு பாடம்

இரத்தச்சோகைக்காக மருத்துவம் பெற்று வீடு திரும்புவோரும் அவர்தம் குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகளுள் ஒன்று: "இரும்புச் சட்டியில் சமைத்துக் கொடுத்தால் இரத்தம் ஊறுமா?" இக்கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் விடையளிக்க இயலாது. சமைக்கும் சட்டியிலிருந்து உணவுக்கு இரும்புச்சத்து சேர்கிறது என்பது உண்மை. அது மாத்திரைக்கு ஈடாகாது என்பதும் உண்மை. சிலருக்கு அச்சட்டி கூடவே கூடாது என்பது மூன்றாவது உண்மை. இம்மூன்றையும் ஒருங்கே அறிந்துகொண்டால்தான் நம் வீட்டு அடுப்பில் எந்தப் பாத்திரத்தை, யாருக்காக, எவ்வாறு வைப்பது என்று தெளிவாக முடிவு செய்ய இயலும். அதற்கு உதவுவதே இப்பாடத்தின் நோக்கம்.

உடலில் இரும்பின் பணி

இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதமே நுரையீரலிலிருந்து உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்கிறது. அப்புரதத்தின் நடுவே அமைந்திருப்பது இரும்பு அணு. இரும்புச்சத்து குறையும்போது ஹீமோகுளோபின் குறைகிறது. அதன் விளைவாகச் சோர்வு, மூச்சிரைப்பு, நெஞ்சுப் படபடப்பு, தலைசுற்றல், கவனக்குறைவு ஆகியவை தோன்றுகின்றன. அறுவை சிகிச்சைக்குப் பின்னும் மகப்பேற்றுக்குப் பின்னும் உடல் தேறுவது தாமதமாவதற்கு இக்குறைபாடு ஒரு காரணமாக அமையக்கூடும்.

ஹீமோகுளோபின் அளவு கருவுறாத பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அதை இரத்தச்சோகை என்கிறோம். கருவுற்ற பெண்களுக்குப் பொதுவாக 11 கிராம் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டினருக்கும் இரத்தச்சோகை இருந்தது. இரண்டு பெண்களுள் ஒருவருக்கு மேல் என்பது சிறிய எண்ணிக்கை அன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்த பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 29 மில்லிகிராமும், ஆணுக்கு 19 மில்லிகிராமும் இரும்புச்சத்து உணவில் தேவை. தானியமும் பயறும் முதன்மையாக அமைந்த நம் உணவில் உள்ள இரும்பின் சிறு பகுதியையே குடல் ஈர்த்துக்கொள்கிறது. ஆகவேதான் இந்த அளவு இவ்வளவு உயர்வாக வகுக்கப்பட்டுள்ளது.

சட்டியிலிருந்து உணவுக்கு

இரும்புப் பாத்திரத்தில் நீரும் புளிப்பும் சேர்ந்து கொதிக்கும்போது பாத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து நுண்ணளவில் இரும்பு கரைந்து உணவில் கலக்கிறது. இது எவ்வளவு கலக்கும் என்பதை நான்கு காரணங்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது புளிப்பு: தக்காளி, புளி, எலுமிச்சை, மோர் ஆகியவை சேர்ந்த உணவில் மிகுதியாகக் கரையும். இரண்டாவது ஈரம்: குழம்பில் மிகுதியாகவும் வறுவலில் குறைவாகவும் கரையும். மூன்றாவது நேரம்: ஐந்து நிமிடம் வதக்குவதைக் காட்டிலும் அரைமணி நேரம் கொதிப்பதில் மிகுதி. நான்காவது பாத்திரத்தின் நிலை: புதிய சட்டியில் மிகுதி; எண்ணெய்ப் படலம் நன்கு படிந்த பழைய சட்டியில் குறைவு.

அமெரிக்காவில் 1986-இல் வெளியான ஓர் ஆய்வில் இருபது வகை உணவுகள் இரும்புப் பாத்திரத்திலும் வேறு பாத்திரத்திலும் சமைத்து ஒப்பிடப்பட்டன. நூறு கிராம் தக்காளிச் சாற்றுக் குழம்பில் முன்பு ஏறத்தாழ 0.6 மில்லிகிராமாக இருந்த இரும்பு, இரும்புப் பாத்திரத்தில் சமைத்த பின் ஏறத்தாழ 5.8 மில்லிகிராமாக உயர்ந்திருந்தது. பொரித்த முட்டையில் அந்த உயர்வு இதைவிடக் குறைவு. மேற்கூறிய காரணங்களுக்கு இது நல்ல சான்று.

உணவில் இரும்பு கூடுவது ஒன்று. இரத்தத்தில் அது சேர்வது வேறொன்று. இதை அறிய எத்தியோப்பியாவில் ஓர் ஆய்வு நடைபெற்று 1999-இல் வெளிவந்தது. சில குடும்பங்களுக்கு இரும்புப் பானையும் சில குடும்பங்களுக்கு அலுமினியப் பானையும் கொடுத்து, வீட்டுக்கு ஒரு குழந்தையாக ஓராண்டுக் காலம் கவனித்தனர். இரும்புப் பானை பெற்ற வீட்டுக் குழந்தைகளின் ஹீமோகுளோபின் சராசரியாக 1.7 கிராமும், அலுமினியப் பானை பெற்ற வீடுகளில் 0.4 கிராமும் உயர்ந்தது. பயன் உண்டு என்பதை இது காட்டுகிறது. ஆயினும் அப்பயனுக்கு ஓராண்டு தேவைப்பட்டது என்பதையும் மறவாதிருக்க வேண்டும்.

மாத்திரைக்கு மாற்றாகாது

2018-இல் தொடங்கப்பட்ட 'இரத்தச்சோகை இல்லா இந்தியா' திட்டத்தின் கீழ்க் கருவுற்ற தாய்மார்களுக்குக் கொடுக்கப்படும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு உள்ளது. அதை நாள்தோறும் 180 நாள்களும், மகப்பேற்றுக்குப் பின் மேலும் 180 நாள்களும் உண்ண வேண்டும். ஒரு கரண்டி தக்காளிக் குழம்பின் வழியே கிடைக்கும் சில மில்லிகிராமை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பேறுகாலம் நெருங்கும் பெண்ணுக்கும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவருக்கும் ஓராண்டு காத்திருக்க நேரம் இல்லை. மாத்திரையோ ஊசியோ மருத்துவர் எழுதிக் கொடுத்ததைச் சட்டியை நம்பி நிறுத்திவிடக் கூடாது. மாத்திரையால் வயிற்று எரிச்சலோ மலச்சிக்கலோ ஏற்பட்டால், நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுக. மாத்திரையின் வகையையோ வேளையையோ மாற்ற வழி உண்டு.

இதனினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உள்ளது. ஆண்களுக்கும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்து குறைந்தால், 'சாப்பாடு போதவில்லை' என்று எண்ணி அமைதியடைதல் தவறு. வயிற்றுப்புண், மூலம், குடல் கட்டி, குடற்புற்று ஆகியவற்றால் வெளியே தெரியாமல் நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தம் கசிந்துகொண்டிருக்கக்கூடும். சமையலை மாற்றியதால் ஹீமோகுளோபின் சற்றே உயர்ந்து, மருத்துவமனைக்கு வருவதை ஆறு மாதம் தள்ளிப்போட்டால், அந்த ஆறு மாதத்தில் நோய் முற்றக்கூடும். முதலில் காரணத்தைக் கண்டறிதல் வேண்டும். சட்டி அதன் பின்னரே.

வார்ப்பிரும்பும் அடித்த இரும்பும்

கடையில் 'இரும்புச் சட்டி' என்று விற்கப்படுபவை இருவகைப்படும். இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றிச் செய்வது வார்ப்பிரும்பு. இதில் இரண்டு விழுக்காட்டிற்கு மேல் கரி கலந்திருக்கும், கனமானது, உறுதியானது, ஆனால் கீழே விழுந்தாலோ, சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டாலோ விரிசல் விடும் தன்மையுடையது. இரும்புத் தகட்டை அடித்தோ அழுத்தியோ வளைத்துச் செய்வது மற்றொரு வகை. நம் வீடுகளில் தாளிக்கவும் வறுக்கவும் பயன்பட்டு வரும் மெல்லிய வாணலிகள் பெரும்பாலும் இவ்வகையின. இவை உடைவதில்லை, எடையும் குறைவு. உணவில் இரும்பு சேர்வதைப் பொறுத்தவரை இரண்டும் பயன் தருவனவே.

வார்ப்பிரும்புப் பாத்திரங்களை மலிவாகச் செய்யும் வழிக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆபிரகாம் டார்பி என்பவர் 1707-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் கிரிஸ்வோல்டு, வாக்னர் போன்ற பழைய நிறுவனங்களின் சட்டிகளை இன்றும் தேடி வாங்குவோர் உண்டு. பழைய சட்டிகளின் உட்புறத்தை வார்த்தபின் இழைத்து வழவழப்பாக்கினர். இக்காலத்துச் சட்டிகள் பலவற்றில் மணல் அச்சின் சொரசொரப்பு அப்படியே விடப்பட்டு, மேலே எண்ணெய் பூசிச் சூளையிலிட்டு விற்கப்படுகின்றன. இரண்டிலும் நல்ல சமையல் இயலும். பழையதே சிறந்தது என்றோ புதியதே தூயது என்றோ எண்ண வேண்டுவதில்லை.

பழைய சட்டியைப் பயன்படுத்த விரும்புவோர் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, அதன் வரலாறு. பாட்டியார் காலந்தொட்டுச் சமையலுக்கு மட்டுமே பயன்பட்ட சட்டியெனில் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். பழைய இரும்புக் கடையில் வாங்கியது, முன்பு எதற்குப் பயன்பட்டது என்று தெரியாதது எனில் வேண்டா. ஈயம் உருக்கப் பயன்பட்ட சட்டிகளும் அவற்றுள் கலந்திருக்கக்கூடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கும் கருவிலுள்ள சிசுவுக்கும் பெருங்கேடு விளைவிப்பது. கழுவுவதால் ஐயமறப் போய்விடும் என்று கொள்ள இயலாது. இரண்டு, விரிசல். விரலால் தட்டினால் கணீரென்ற ஒலி எழ வேண்டும். மங்கிய ஒலி எழுந்தால் விரிசல் இருக்கக்கூடும். மூன்று, பூச்சு. உட்புறம் பீங்கான் பூச்சுள்ள வார்ப்பிரும்புச் சட்டி அழகானது, புளிக்குழம்புக்கும் ஏற்றது; ஆனால் அதிலிருந்து உணவுக்கு இரும்பு சேராது. பூச்சு பெயர்ந்துவிட்டால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

பழக்குதல்

புதிய சட்டியையும் தோசைக்கல்லையும் சமையலுக்கு ஆயத்தம் செய்வதை நம் வீடுகளில் 'பழக்குதல்' என்பர். இரண்டு மூன்று நாள் அரிசி வடித்த கஞ்சியை ஊற்றி வைத்துத் தேய்த்துக் கழுவுவதும், பாதியாக வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துச் சூடான கல்லில் தேய்ப்பதும் வழிவழி வந்த முறைகள். இவற்றுள் கஞ்சியும் தேய்த்தலும் பட்டறையின் கரியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அகற்றுகின்றன. எண்ணெயோ சூட்டில் இறுகி, இரும்போடு ஒட்டிய மெல்லிய கரும்படலமாகிறது. உணவு ஒட்டாமல் வருவதும் துருப்பிடிக்காமல் இருப்பதும் இப்படலத்தால்தான்.

செய்முறை: சட்டியைச் சிறிது சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் முழுவதும் போகச் சூடாக்குக. அடுப்பை அணைத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயை உள்ளும் புறமும் பூசுக. பிறகு உலர்ந்த துணியால், எண்ணெயே பூசாததுபோல் தோன்றும் அளவுக்குத் துடைத்துவிடுக. எண்ணெய் மிகுந்தால் படலம் பிசுபிசுக்கும். மீண்டும் அடுப்பில் ஏற்றி, மெல்லிய புகை எழுந்து அடங்கும்வரை சூடாக்கி ஆறவிடுக. இதனை மூன்று நான்கு முறை செய்தால் போதும். தேங்காயெண்ணெய் எளிதில் இறுகாது. ஆகவே இதற்கு ஏற்றதன்று. ஆஸ்துமா முதலிய சுவாச நோயுடையோர் அப்போது சமையலறையில் இருத்தலாகாது. சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும்.

இங்கு ஒரு முரண்பாட்டைக் கவனிக்கலாம். படலம் நன்கு படிந்த கல்லில் தோசை அழகாக வரும்; ஆனால் அதிலிருந்து இரும்பு குறைவாகவே சேரும். புளிக்குழம்பு கொதிக்கும் சட்டியில் இரும்பு மிகுதியாகச் சேரும். ஆனால் அது படலத்தைக் கரைத்துவிடும். எனவே இயன்றவர்கள் இரண்டு பாத்திரம் வைத்துக்கொள்ளலாம்: தோசைக்கும் அடைக்கும் பழகிய கல் ஒன்று, குழம்புக்கும் தொக்குக்கும் சட்டி ஒன்று. குழம்புச் சட்டியை அவ்வப்போது மீண்டும் பழக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்று வீட்டு உணவுகள்

கீழ்க்காணும் அளவுகள் நான்கு பேர் கொண்ட குடும்பத்திற்கானவை. இதய நோய், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம் உடையோர் உப்பைத் தமக்குச் சொல்லப்பட்ட அளவில் இட்டுக்கொள்க. எவ்வகைச் சமையலாயினும் வார்ப்பிரும்புச் சட்டியைச் சிறு தீயில் ஐந்து நிமிடம் சூடாக்கிய பின்னரே எண்ணெய் ஊற்றுக. அலுமினியத்தைக் காட்டிலும் இரும்பில் சூடு மெதுவாகப் பரவும். பெருந்தீ வைத்தால் நடுப்பகுதி கருகி, ஓரம் வேகாமல் நிற்கும். ஒருமுறை சூடேறிவிட்டால் நெடுநேரம் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளும். ஆதலின் சமையல் முடியச் சற்று முன்னரே அடுப்பை அணைக்கலாம்.

தக்காளித் தொக்கு. பழுத்த தக்காளி அரை கிலோவை நறுக்கிக்கொள்க. இரும்புச் சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் கடுகு, வெந்தயம், பத்துப் பல் பூண்டு, கறிவேப்பிலை தாளித்து, தக்காளியும் மஞ்சள்தூளும் ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூளும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்க்க. சிறு தீயில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம், எண்ணெய் பிரியும் வரை கிளறுக. இறக்கியவுடன் பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரத்திற்கு மாற்றிவிடுக. மூன்று உணவுகளுள் சட்டியின் இரும்பு மிகுதியாகச் சேர்வது இதில்தான்.

முளைப்பயறுக் குழம்பு. ஒரு குவளை பச்சைப்பயற்றை ஊறவைத்து முளைகட்டி வேகவைத்துக்கொள்க. சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சீரகம், பன்னிரண்டு சின்ன வெங்காயம், ஒரு தக்காளி ஆகியவற்றை வதக்கி, நெல்லிக்காய் அளவுப் புளியின் கரைசலும் இரண்டு தேக்கரண்டி குழம்புத்தூளும் சேர்த்துக் கொதிக்கவிடுக. பச்சை வாசம் போனபின் பயற்றைச் சேர்த்துப் பதினைந்து நிமிடம் சிறு தீயில் வைக்க. பயற்றை முளைகட்டும்போது, இரும்பை ஈர்க்கவிடாமல் தடுக்கும் பைட்டேட் என்னும் பொருள் குறைகிறது. தோசை மாவைப் புளிக்கவைப்பதிலும் இதே நன்மை உண்டு.

முருங்கைக்கீரைக் கேழ்வரகு அடை. இரண்டு குவளை கேழ்வரகு மாவுடன் ஒரு குவளை ஆய்ந்த முருங்கைக்கீரை, நறுக்கிய பத்துச் சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம், சிறிது உப்பு சேர்த்துச் சுடுநீர் தெளித்துப் பிசைக. எண்ணெய் தடவிய வாழையிலையில் கையால் தட்டி, பழகிய தோசைக்கல்லில் இட்டு, மூடி, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் சிறு தீயில் வேகவிடுக. ஓர் அடைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். இதில் கல்லிலிருந்து சேரும் இரும்பு சிறிதே. கீரையும் கேழ்வரகும் தருவதே பெரும்பகுதி. மேற்சொன்ன தொக்கைத் தொட்டுக்கொண்டால் வயிறு நிறைந்த சிற்றுண்டியாகும்.

வாழைப்பூ, வாழைக்காய், கத்தரிக்காய் ஆகியவற்றை இரும்புச் சட்டியில் சமைத்தால் கறுத்துவிடும். காயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு கூடுவதால் நேரும் மாற்றம் இது, நஞ்சன்று. ஆயினும் அவ்வாறு கூடிய இரும்பை உடல் எளிதில் ஈர்த்துக்கொள்ளாது. அவற்றை வேறு பாத்திரத்தில் சமைப்பதே நன்று.

உடன் உண்பனவும் உண்ணலாகாதனவும்

பாத்திரத்திலிருந்தும் தாவர உணவிலிருந்தும் வரும் இரும்பை உடல் ஈர்த்துக்கொள்ள வைட்டமின் 'சி' துணை செய்கிறது. சூடு அதனை அழித்துவிடுமாதலால், எலுமிச்சையை அடுப்பை அணைத்தபின் பிழிக. உணவோடு ஒரு நெல்லிக்காய், அல்லது உணவின் முடிவில் சில துண்டு கொய்யாப்பழம் போதுமானது. அசைவம் உண்போர் அதே வேளையில் சிறிது மீனோ இறைச்சியோ சேர்த்துக்கொண்டாலும் அந்நன்மை கிடைக்கும்.

தேநீரும் காப்பியும் இதற்கு நேர் எதிரானவை. உணவோடும், உணவு முடிந்தவுடனும் அருந்தும் தேநீர் இரும்பு ஈர்க்கப்படுவதைப் பெரிதும் குறைத்துவிடும். ஒரு மணி நேரமேனும் இடைவெளி விடுக. இரும்பு மாத்திரையைப் பாலுடனோ சுண்ணாம்புச்சத்து மாத்திரையுடனோ உண்ணலாகாது. தைராய்டு மாத்திரை உண்போர் அதற்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும்.

யாருக்கு இரும்புச் சட்டி வேண்டா

தலசீமியா போன்ற நோய்களுக்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்வோரின் உடலில் இரும்பு மிகுந்து கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. அதை வெளியேற்றவே அவர்களுக்குத் தனி மருந்து கொடுக்கப்படுகிறது. ஒரு கையால் வெளியேற்றுவதை மறு கையால் ஊட்டுவது முறையன்று. பிறவியிலேயே இரும்பை மிகுதியாகத் தேக்கிவைக்கும் நோயுடையோருக்கும் இவ்விலக்கு பொருந்தும். நாள்பட்ட கல்லீரல் நோயுடையோரும் சிறுநீரக நோயுடையோரும் தம் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

தலசீமியாக் கூறு மட்டும் உடையவர்களுக்கு ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்தும் சிவப்பணுக்கள் சிறுத்தும் காணப்படும். பார்வைக்கு இது இரும்புக் குறைபாடு போன்றே தோன்றும். ஆனால் இரும்பு போதுமான அளவே இருக்கக்கூடும். 'பெரிட்டின்' என்னும் இரத்தப் பரிசோதனை உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும். ஐயம் இருப்பின் அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு இரும்பு வேண்டும், மற்றொருவருக்குக் கூடாது என்ற நிலையும் வரும். தாய்க்கு இரத்தச்சோகை, பிள்ளைக்குத் தலசீமியா என்றால் என்செய்வது? அடுக்களையைப் பிரிக்க வேண்டியதில்லை. பொதுவான குழம்பை எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்துவிட்டு, தாய்க்குரிய தொக்கை மட்டும் சிறிய இரும்புச் சட்டியில் தனியே செய்தால் போதும்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர் சிலருக்கு வாயில் உலோகச் சுவை தோன்றி உணவே வெறுத்துவிடும். அக்காலத்தில் இரும்புச் சட்டியில் வைத்த புளிக்குழம்பு அவ்வெறுப்பை மிகுவிக்கும். அவர்களுக்கு மண்சட்டியும் மரக்கரண்டியும் ஏற்றவை. அவர்கள் உண்பதே முதன்மை. எந்தப் பாத்திரம் என்பது பின்னர்.

எடையும் சூடும்

இருபத்தைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள வார்ப்பிரும்புச் சட்டி வெறுமையாகவே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். முப்பது சென்டிமீட்டர் எனில் மூன்றரைக் கிலோவை எட்டும். உணவும் சேர்ந்தால் இன்னும் கூடும். நெஞ்செலும்பைத் திறந்து செய்த இதய அறுவை, வயிற்று அறுவை, குடலிறக்க அறுவை, அறுவை வழி மகப்பேறு ஆகியவற்றுக்குப் பின் மருத்துவர் அனுமதிக்கும் வரை இச்சட்டிகளைத் தூக்கலாகாது. சமைப்பவர் நோயாளராகவே இருந்தால், மெல்லிய அடித்த இரும்பு வாணலியைத் தேர்க. அல்லது சட்டியை அடுப்பிலேயே விட்டுக் கரண்டியால் உணவை மாற்றிக்கொள்க.

வார்ப்பிரும்பின் கைப்பிடியும் உடன் சூடேறும். அடுப்பை அணைத்த பின்னும் நெடுநேரம் சூடு தணியாது. நீரிழிவால் கைவிரல்களில் உணர்வு குறைந்தோர் கொப்புளம் எழும் வரை சூட்டை உணராமல் போகலாம். உலர்ந்த தடித்த துணியையே எப்போதும் பயன்படுத்துக. ஈரத்துணி சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும்.

கழுவுதலும் காத்தலும்

சமைத்த உணவை இரும்புச் சட்டியிலேயே இரவு முழுவதும் வைத்திருத்தல் கூடாது. உணவு கறுத்து, இரும்புச் சுவை ஏறி, உண்ண இயலாததாகிவிடும். சட்டி ஆறியபின் வெந்நீரும் தேங்காய் நாரும் கொண்டு கழுவுக. சிறிது சோப்பு பயன்படுத்தினால் குற்றமில்லை. ஊறப்போடுதல் கூடாது. கழுவியவுடன் துடைத்து, அடுப்பில் ஒரு நிமிடம் காயவைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவி வைக்க. துருப்பிடித்தால் தேய்த்து நீக்கி மீண்டும் பழக்கிக்கொள்ளலாம்; சட்டியை எறிந்துவிட வேண்டியதில்லை.

குடும்பத்தார் கேட்கும் சில கேள்விகள்

*இரும்பு மாத்திரை உண்டால் மலம் கறுக்கிறது, அஞ்ச வேண்டுமா?*
மாத்திரையால் மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ ஆவது இயல்பு. ஆனால் தார் போலப் பளபளத்து, ஒட்டும் தன்மையுடன், கடும் நாற்றத்தோடு இருந்தால் குடலில் இரத்தக் கசிவு இருக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்கு வருக. இரும்புச் சட்டிச் சமையலால் மட்டும் மலம் கறுத்தது என்று எண்ணி வாளாவிருக்காதீர்.

*குழந்தைக்கும் சேர்த்து இரும்புச் சட்டியில் சமைக்கலாமா?*
இரத்த நோய் ஏதும் இல்லாத குழந்தைக்கு, குடும்ப உணவை உண்ணத் தொடங்கியபின் கொடுக்கலாம். இரும்பு மாத்திரைகளை மட்டும் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். இனிப்பென்று எண்ணிச் சில மாத்திரைகளை விழுங்கினாலும் உயிருக்கே ஆபத்தாகும்.

*எத்தனை நாளில் பயன் தெரியும்?*
சட்டியால் மட்டும் என்றால் மாதங்கள் ஆகும். மாத்திரையும் உணவும் சேர்ந்து, காரணமும் கண்டறியப்பட்டால், நான்கு வாரத்தில் செய்யும் பரிசோதனையிலேயே முன்னேற்றம் தெரிய வேண்டும். தெரியாவிடில் மருத்துவர் வேறு காரணத்தைத் தேடுவார். ஹீமோகுளோபின் இயல்பு நிலையை எட்டிய பின்னும் உடலின் சேமிப்பு நிறைய மாத்திரையைச் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். சோர்வு நீங்கியது என்று தாமே நிறுத்திவிடக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

இரத்தச்சோகைக்கு முதலில் காரணம் அறிக. அடுத்து மருந்தை முறையாக உண்க. அவற்றோடு இரும்புச் சட்டியைத் துணையாகக் கொள்க. புளிப்பும் ஈரமும் உள்ள உணவை அதில் சமைத்து, வெந்தவுடன் வேறு பாத்திரத்திற்கு மாற்றுக. எலுமிச்சை பிழிந்து உண்க. தேநீரைத் தள்ளி வைக்க. இரத்தம் ஏற்றிக்கொள்வோரின் உணவை வேறு பாத்திரத்தில் சமைக்க.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்: எனக்கு இரத்தம் குறைந்ததற்குக் காரணம் என்ன? என் இரும்புச் சேமிப்பின் அளவு என்ன? எங்கள் வீட்டில் இரும்புச் சட்டியில் சமைக்கலாமா? இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளைச் சமைப்பவரிடமும் தவறாமல் தெரிவியுங்கள்.